நெற்களஞ்சியத்தில் ஒரு குறை

தஞ்சையை நெற்களஞ்சியம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். குறுவையும் தாளடியும் பொய்க்காமல் விளைந்து வயிறு நிரம்பினால், குழந்தைக்கு வேறென்ன குறை என்று நினைப்போர் இன்றும் பலர். ஆனால் கைக்குத்தலாயினும் மில் அரிசியாயினும், அரிசியில் 'ஏ' ஜீவசத்து இல்லையென்றே சொல்லலாம். சோறும் புளிக்குழம்புமே ஆகாரமாக வளரும் குழந்தைக்கு அது எங்கிருந்து கிட்டும்?

அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் வருமென்பது யாவரும் அறிந்ததே. நோயை எதிர்க்கும் சக்தியும் கூடவே குன்றுகிறது என்பதற்கு நமது அண்டை ஜில்லாவான திருச்சியிலேயே சான்று கிடைத்தது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் அங்கே 15,419 சிறு குழந்தைகளுக்கு ஓராண்டு காலம் வாரந்தோறும் மருந்து கொடுத்தனர். ஒரு சாராருக்கு 'ஏ' சத்தும் 'ஈ' சத்தும். மற்றவருக்கு 'ஈ' மாத்திரம். முடிவு 1990-ல் வெளியாயிற்று. 'ஏ' சத்துப் பெற்றவர்களிடையே மரணம் நூற்றுக்கு 54 பங்கு குறைந்திருந்தது!

கொடுத்த அளவு 8,333 யூனிட். ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்தில் சாப்பாட்டின் மூலமே கிடைக்க வேண்டிய அளவு ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, அந்த மருந்து செய்த வேலை தட்டில் இல்லாத கீரையின் வேலை.

உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கொருமுறை பெரிய அளவில் கொடுத்துப் பார்த்ததில் பலன் நூற்றுக்கு 4 பங்கே என்று 2013-ல் அறிவித்தார்கள். ஆதலின் திருச்சிக் கணக்கை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்துவது நியாயமன்று.

குடலின் உட்சவ்வைக் காப்பதும், எது உணவு, எது பகை என்று உடல் பிரித்தறிய உதவுவதும் இச்சத்தின் தொழில்களில் சேர்ந்தவை. அந்தப் பகுத்தறிவு பிசகும்போதே உணவு ஒவ்வாமை பிறக்கிறது. இதை வைத்துக்கொண்டு, ஒவ்வாமையைத் தடுக்கும் மாத்திரை, மாவு என்று விற்பவர்களை நாம் ஆதரிக்க முடியாது. எலிகளிடம் கண்டது குழந்தைகளிடம் ருசுவாகவில்லை. 2015-ல் லண்டனில், ஒவ்வாமைக்கு இலக்காகக்கூடிய 640 சிசுக்களிடம் நடந்த பரிசோதனையில் நிலக்கடலை ஒவ்வாமையைப் பெரிதும் குறைத்தது, வைத்தியர் பார்வையில் இளமையிலேயே ஊட்டிய நிலக்கடலைதான், மாத்திரையன்று. 'ஏ' சத்து மிஞ்சினால் ஈரலில் தங்கி விஷமாகும். கர்ப்பிணிகளின் சிசுவுக்கும் அபாயம்.

சர்க்கார் ஆறு மாதத்துக்கொருமுறை தரும் திரவத்தை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை. அது நடக்கட்டும். வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தி நட்டிருக்கிறோம். அதன் தழை பெரும்பாலும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. முருங்கையோ கேட்பாரற்று நிற்கிறது. ஊராட்சிகள் இக்கீரைகளை விலை கொடுத்து வாங்கி, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வாரம் மூன்று நாளாவது ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துச் சமைத்துப் போடட்டும். எண்ணெயில்லாமல் கீரையின் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நமது ஊழியர்கள் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.