இலத்தீன் வேற்றுமையும் எமது பிள்ளைகளும்

ஜேர்மனியின் கிம்னாசியம் பாடசாலைகளில் ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பை எட்டும் பிள்ளை இரண்டாவது அந்நிய மொழி ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். பிரெஞ்சா, இலத்தீனா என்பதே பெரும்பாலும் கேள்வி. எவரும் பேசாத மொழியைப் படித்து என்ன பயன் என்று எம்மவருள் ஒரு சாரார் கேட்கின்றனர். மருத்துவம் படிக்க அது கட்டாயம் என்று மறுசாரார் நம்புகின்றனர். அத்தகைய நிபந்தனை இன்று ஜேர்மனியில் இல்லை. ஆயினும் இலத்தீனைத் தெரிவுசெய்யும் தமிழ்ப் பிள்ளைகள் உளர். அவர்களின் பெற்றோருக்காகவே இதனை எழுதுகின்றோம்.

அலுவலகங்களில் தாய்தந்தையருக்கு மொழிபெயர்ப்பாளனாக நிற்கும் பிள்ளை, வீட்டுப்பாடத்தில் அவர்களிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டுப் பயனில்லை என்பது அதன் முடிவு. ஆனால் இலத்தீனின் முதற் பாடங்களில் வருவது வேற்றுமை. 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று ஊரிலே மனனம் செய்த தலைமுறைக்கு அது அந்நியமான பொருளன்று. தமிழில் வேற்றுமை ஏழு, விளியோடு எட்டு என்பது தொல்காப்பியம் கூறும் கணக்கு. இலத்தீனில் ஆறு.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஜேர்மன் பாடசாலைகளில் வேற்றுமைகளை எண்ணும் வரிசை வேறு. எமது ஆறாம் வேற்றுமை அங்கே இரண்டாவது; எமது நான்காவது அங்கே மூன்றாவது; எமது இரண்டாவது அங்கே நான்காவது. எனவே எண்ணைச் சொல்லி விளக்கப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். யார், யாருடைய, யாருக்கு, யாரை என்று வினாவாகச் சொல்வதே பாதுகாப்பு.

பெயர்ச்சொற்களை இலத்தீன் ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றது. முதல் வகைச் சொற்கள் அகரத்தில் முடிவன. காட்டைக் குறிக்கும் 'சில்வ' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். (இலங்கையில் நாம் கேட்டுப் பழகிய 'டி சில்வா' என்னும் பெயர், போர்த்துக்கேயர் வழியாக வந்த இதே காடுதான்.) ஒருமையில்: சில்வ, காடு, சில்வை, காட்டினது, மீண்டும் சில்வை, காட்டுக்கு, சில்வம், காட்டை, சில்வா, காட்டால். பன்மையில் அதே வரிசையில்: சில்வை, சில்வாரும், சில்வீஸ், சில்வாஸ், சில்வீஸ். விளி இவ்வகையில் எழுவாயை ஒத்ததே. திருப்பலி இலத்தீனில் நடைபெற்ற காலத்தை அறிந்த எமது முதியோர் சொல்லிய 'ஆவே மரிய' அத்தகைய விளியாகும்.

தமிழ்ச் செவிக்கு இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. 'சில்வை' என்றதும் எமக்கு இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' நினைவுக்கு வரும், அதுவன்று. 'சில்வம்' என்றதும் மரம், குளம் போல எழுவாயாகத் தோன்றும், அதுதான் 'காட்டை'. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவைத்தல் நன்று.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் 'காடுகளை' என்னும்போது 'கள்' பன்மையைச் சொல்கின்றது, 'ஐ' வேற்றுமையைச் சொல்கின்றது. ஒவ்வோர் உறுப்பும் தன் பணியைத் தனித்துச் செய்கின்றது. இலத்தீனிலோ 'ஆரும்' என்னும் ஒரே ஈறு பன்மையையும் உடைமையையும் சேர்த்தே சுமக்கின்றது; பிரித்தெடுக்க முடியாது. அதனால் ஒருமை ஈறுகளைக் கற்றவன் பன்மை ஈறுகளைப் புதிதாகவே கற்க வேண்டியுள்ளது. பிள்ளை மனனம் செய்யச் சலிப்பது சோம்பலால் மட்டுமன்று.

ஒரே ஈறு பல பொருள் தருவதும் உண்டு. 'அக்ரிகொல புவெல்லை ரொஸம் தத்' என்னும் வாக்கியத்தின் பொருள், உழவன் சிறுமிக்கு ரோசாப்பூவைக் கொடுக்கிறான் என்பது. 'புவெல்லை' சிறுமியினது, சிறுமிக்கு, சிறுமியர் என மூன்றாகவும் நிற்கவல்லது. 'கொடுக்கிறான்' என்னும் வினை யாருக்கு என்ற வினாவை எழுப்புவதால் இங்கே நான்காம் வேற்றுமை என்று தெளிகின்றோம். எனவே முதலில் வினையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளை இறுதியில் வினையை எதிர்பார்த்தே பழகியது. சொற்களை இடம்மாற்றினாலும் உறவு மாறாது என்பதையும் அது வீட்டுப் பேச்சிலேயே அறிந்துள்ளது. (உழவனைக் குறிக்கும் 'அக்ரிகொல' இவ்வகையில் வரும் சில ஆண்பாற் சொற்களுள் ஒன்று, ஏனையவை பெரும்பாலும் பெண்பால்.)

கடைசி வேற்றுமையே கடினமானது. தமிழில் ஆல், ஓடு, இலிருந்து, இல் என்று பிரிந்து நிற்கும் பொருள்களை இலத்தீன் அந்த ஒன்றிலேயே அடக்கிவிட்டது. 'ஹஸ்தா' ஈட்டியால், 'கும் புவெல்லா' சிறுமியோடு, 'எக்ஸ் சில்வா' காட்டிலிருந்து, 'இன் சில்வா' காட்டில். ஆனால் 'இன் சில்வம்' என்றால் காட்டுக்குள் செல்வதாகும். எழுவாய்க்குக் குறில் அகரம், இவ்வேற்றுமைக்கு நெடில் ஆகாரம். ரோமன் எழுத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். பாடநூல்கள் சிலவற்றில் எழுத்தின்மேல் கோடிட்டுக் காட்டுவர். தமிழில் எழுதினால் கோடு தேவையில்லை. பிள்ளையின் கொப்பியில் ஈறுகளைத் தமிழெழுத்தில் ஒருமுறை எழுதிக்கொடுத்துப் பாருங்கள்.

1716இல் சீகன்பால்க் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதி, ஜேர்மனியின் ஹாலே நகரில் அச்சேற்றினார். வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு இலத்தீனிலேயே இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் தமது வேற்றுமையைக் கொண்டு எமது வேற்றுமையை விளங்கிக்கொண்டனர். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் அதே வழியைத் திருப்பி நடத்தலாம். இலத்தீன் கற்கும் மாணவரைக் கரும்பலகைக்கு அழைத்து, இரு மொழி ஈறுகளையும் அருகருகே எழுதச் செய்யலாம்.

அவ்வாறு எழுதும்போது ஒரு விதிவிலக்கையும் சேர்த்துக்கொள்க. புதல்வியைக் குறிக்கும் 'ஃபீலிய' பன்மையில் 'யாருக்கு' என்னும் வேற்றுமையில் 'ஃபீலியீஸ்' ஆகும். புதல்வரைக் குறிக்கும் சொல்லும் அதே வடிவத்தையே பெறும். மயக்கம் வரக்கூடிய இடங்களில், 'புதல்வியருக்கு' எனத் திட்டவட்டமாகக் கூற, உரோமர் 'ஃபீலியாபுஸ்' என்று தனி ஈறு கொடுத்தனர். தேர்வில் கேட்பார்கள்.