கலர் மீனுக்குப் புழுவா? மருந்துக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கடலூர், சிதம்பரம் கடைகளில் ஆசையாக வாங்கிவந்த கப்பி, நல்லா சாப்பிட்டும் இளைச்சுக்கிட்டே போகுதா? 'புழு மருந்து' என்று எதையாவது ஊற்றிவிடாதீங்க. புழுவைப் பொறுத்துத்தான் மருந்து.

ஆசனவாயில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் கேமலானஸ் எனும் உருளைப்புழு. இதற்கு லெவாமிசோல். இது புழுவை முடக்கிப்போடும். மீன் அதை வெளியே தள்ளிவிடும். அதனால், விளக்கை அணைத்து மருந்து போட்டு, மறுநாள் தொட்டியின் அடியை டியூப் வைத்து உறிஞ்சி, தண்ணீர் மாத்தணும். 2, 3 வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை.

வெள்ளைப்புள்ளி எதுவும் இல்லாமல், வேகவேகமாக மூச்சுவாங்கி, கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா? செவுளிலும் தோலிலும் ஒட்டும் பொடித் தட்டைப்புழுவாக இருக்கலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இனப்பெருக்கம் செய்யும் கோமாளி மீன் போன்ற கடல் மீன்களையும் தட்டைப்புழு விடாது. இதற்கு பிராசிகுவாண்டல். முட்டைகள் தப்பிவிடும் என்பதால், ஒரு வாரத்தில் திரும்பவும் போடணும்.

உடம்பில் குச்சி மாதிரி குத்தி நிற்கும் 'நங்கூரப் புழு', புழுவே இல்லை. இறால், நண்டு வகையறா. இந்த இரண்டு மருந்தும் அதனிடம் எடுபடாது.

மருந்தின் அளவு மீன் கணக்கு இல்லை, லிட்டர் கணக்கு. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று சொல்லி, கால்நடை மருத்துவரிடம் கேளுங்க.

வாய்க்கால், குளத்தில் பிடிக்கும் உயிருணவிலும் புழுவின் குஞ்சு இருக்கலாம். புது மீனை ஒரு மாதம் தனித்தொட்டியில் வையுங்க. ஒரு மீனோடு வரும் புழுவுக்கு, மொத்தத் தொட்டியும் பலியாக வேண்டாமே!