ஐந்தாவது விசை எங்கே போனது, சேர்?

2025 ஜூன் மாத ஆரம்பத்தில், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்த ஒரு மாலையில், என்னிடம் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். “சேர், அமெரிக்காவின் பெர்மி ஆய்வுகூடம் மியூவன் பரிசோதனையின் கடைசி முடிவை வெளியிட்டிருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லையாம். 2021 இல் நீங்கள் வகுப்பில் சொன்ன ஐந்தாவது விசை எங்கே போனது?” கீழே சிரிக்கும் முகம் ஒன்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை. 2021 ஏப்ரல் 7ஆம் திகதி, நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில், அந்த ஆய்வுகூடத்தின் முதலாவது முடிவு உலகப் பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. அடுத்த வகுப்பில் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பலகையில் இரண்டு எண்களை எழுதினேன். “இவை இரண்டும் பொருந்தவில்லை. நியம மாதிரி உடைந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் வேறொரு புத்தகம் படிப்பார்கள்” என்று பேசினேன். பின்வரிசைப் பிள்ளைகள் கூட நிமிர்ந்து இருந்து கேட்டார்கள். ஓர் ஆசிரியனுக்கு அப்படியான நாட்கள் அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களில் ஒன்றை யார் கணித்தார்கள், எப்படிக் கணித்தார்கள் என்பதை நான் சொல்லவே இல்லை. அந்த விடுபட்ட பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மியூவன். இலத்திரனின் மூத்த சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஏற்றம், ஆனால் திணிவு ஏறத்தாழ 207 மடங்கு. பிறந்து சராசரியாக ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு நேரத்தில் சிதைந்துவிடும். வானிலிருந்து அவை எந்நேரமும் பொழிகின்றன. உள்ளங்கையை விரித்தால் ஏறக்குறைய செக்கனுக்கு ஒன்று அதனூடாகப் போகும். மியூவன் ஒரு சின்னக் காந்தம். காந்தப்புலத்தில் வைத்தால் பம்பரம் தலையை ஆட்டுவது போல அதன் அச்சு சுற்றி ஆடும். எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு ஜி என்று பெயர்.

1928 இல் டிராக் எழுதிய சமன்பாட்டின்படி ஜி சரியாக 2 ஆக இருக்க வேண்டும். உண்மையில் அது 2 ஐ விடச் சற்றுக் கூட. வெற்றிடம் உண்மையான வெற்றிடமாக இல்லாததே காரணம். கண நேரம் தோன்றி மறையும் துணிக்கைகள் மியூவனைச் சூழ்ந்திருக்கின்றன. சந்தை நாளில் நடப்பவரின் நடையைப் பார்த்தே கூட்டத்தின் அளவை ஊகிக்கலாம் அல்லவா? அது போல, மியூவனின் ஆட்டத்தை மிக நுணுக்கமாக அளந்தால், நாம் இதுவரை காணாத துணிக்கை ஏதாவது அந்தக் கூட்டத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கேதான் நான் வகுப்பில் தாண்டிச் சென்ற படி இருக்கிறது. அளந்து பெறுவது வெறும் எண். அந்த எண் ஆச்சரியமானதா இல்லையா என்று சொல்ல, தெரிந்த துணிக்கைகள் மட்டும் இருந்தால் விடை என்னவாக இருக்கும் என்று யாராவது முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும். அதற்கென்றே தேசிய ஆய்வுகூடங்கள் கோட்பாட்டுக் குழுக்களை வைத்திருக்கின்றன.

பெர்மி ஆய்வுகூடம் இலினோய் மாநிலத்தின் பட்டேவியா என்ற ஊரில் இருக்கிறது. 1967 இல் தொடங்கியது. 6,800 ஏக்கர் நிலம், தரைக்கடியில் ஆர்முடுக்கிகள், மேலே புல்வெளியில் காட்டெருமைக் கூட்டம், நடுவே 16 மாடிக் கட்டடம். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிதான் நீண்டகாலமாகக் கோட்பாட்டுக் குழுவின் இருப்பிடம். அங்கே இயந்திரம் எதுவும் இல்லை. பலகைகள், கணினிகள், கோப்பி, வாக்குவாதம். கோடிக்கணக்கான டொலர் இயந்திரங்களுக்கு நடுவில் இவர்கள் எதற்கு என்று யாருக்கும் தோன்றும்.

ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். கொரியாவில் பிறந்த பெஞ்சமின் லீ 1970களில் இக்குழுவின் தலைவராக இருந்தார். 1977 இல் அவரும் கிறிஸ் குவிக், ஹாரி தாக்கர் ஆகியோரும் ஒரு கணக்கைச் செய்தார்கள். ஹிக்ஸ் துணிக்கை ஏறத்தாழ ஒரு டெரா இலத்திரன்வோல்ற்றை விடக் கனமாக இருக்க முடியாது. அப்படி இருந்தால் அந்தச் சக்தியளவில் வேறு ஏதாவது புதிதாகத் தென்பட்டே ஆக வேண்டும் என்பது அதன் முடிவு. எவ்வளவு பெரிய இயந்திரம் கட்டினால் வெறுங்கையோடு திரும்ப நேராது என்று சொன்ன கணக்கு அது. ஜெனீவாவில் பெரும் ஹாட்ரன் மோதுவியைக் கட்டுவதற்கான வாதங்களில் அதற்கு முக்கிய இடம் இருந்தது. 2012 இல் ஹிக்ஸ் கிடைத்தபோது லீ உயிரோடு இல்லை. அந்தக் கணக்கைச் செய்த அதே 1977 இல் வீதி விபத்தில் இறந்துவிட்டார்.

மியூவனின் ஜி கணக்கு இதைவிட நீளமானது. ஒளியும் இலத்திரனும் தரும் பங்கு முதலாவது. அதன் முதல் உறுப்பை 1940களின் இறுதியில் ஷ்விங்கர் ஒரே வரியில் தந்தார். அந்த வரியை நீட்டிக்கொண்டே போன ஜப்பானியரான தொயிச்சிரோ கினொஷிதாவும் அவருடைய சகாக்களும் ஐந்தாவது உறுப்புக்கு மட்டும் 12,672 வரைபடங்களைக் கணக்கிட வேண்டியிருந்தது. ஒரு மனிதர் தன் ஆயுளில் பெரும்பகுதியை ஓர் எண்ணின் தசம தானங்களுக்குக் கொடுத்தார். அடுத்தது மென்விசையின் பங்கு. பாகிஸ்தானியரான அப்துஸ் ஸலாமும் வைன்பேர்க்கும் கிளாஷோவும் 1979 இல் நோபல் பரிசு பெற்ற கோட்பாட்டிலிருந்து வருவது இது. அளவில் சிறியது, ஆனால் இன்றைய பரிசோதனை வழுவைப் போலப் பத்து மடங்கு. விட்டுவிட முடியாது.

மூன்றாவதுதான் தலைவலி. குவார்க்குகளும் அவற்றை ஒட்டிவைத்திருக்கும் வன்விசையும். இங்கே தாளும் பென்சிலும் போதாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இலத்திரனையும் பொசித்திரனையும் மோதவிட்டுப் பிற ஆய்வுகூடங்கள் எடுத்த தரவுகளைச் சேர்த்து, அதிலிருந்து மியூவனுக்கான பங்கைக் கணிப்பது. மற்றது, வெளியையும் நேரத்தையும் வலை போலக் கட்டங்களாகப் பிரித்து, மீக்கணினியில் நேரடியாகக் கணிப்பது.

நான் கடற்கரை ஊர்க்காரன். வலை என்றதும் எனக்கு வலைக்கண்தான் நினைவுக்கு வரும். கண் பெரிதானால் சின்ன மீன் தப்பும். கணக்கிலும் அப்படியே. கட்டம் பெரிதானால் நுண்மையான விளைவுகள் நழுவிவிடும். ஆகவே ஒரு கண் அளவில் கணித்து, பிறகு அதைவிடச் சின்னக் கண், அதைவிடவும் சின்னது என்று போய், கண் அளவு பூச்சியமானால் விடை எங்கே போய் நிற்கும் என்று பார்ப்பார்கள். கண் சிறுக்கச் சிறுக்கக் கணினி நேரம் பன்மடங்காகக் கூடும். பெர்மி ஆய்வுகூடக் கோட்பாட்டாளர்கள் பல தசாப்தங்களாகச் செய்துவரும் வேலைகளில் இதுவும் ஒன்று.

கணக்கு எவ்வளவு தூரம் ஆட்டிப்படைக்கும் என்பதற்கு 2001 சாட்சி. அப்போது பரிசோதனை நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் நடந்தது. பெப்ரவரியில் அவர்கள் அறிவித்த எண், கோட்பாட்டிலிருந்து 2.6 நியம விலகல் தள்ளி நின்றது. உலகமே பரபரத்தது. அந்த வருடக் கடைசியில் மார்செய் நகரின் இரு ஆய்வாளர்கள், கோட்பாட்டுக் கணக்கின் ஒரு சிறு பகுதியில் நேர்க்குறி வர வேண்டிய இடத்தில் மறைக்குறி வந்திருப்பதாகக் காட்டினார்கள். கணக்கைச் செய்தவர்களில் ஒருவர் அதே கினொஷிதா. அவரும் அவருடைய சகா ஹயாகாவாவும் திரும்பச் சரிபார்த்தார்கள். அட்சரகணித மென்பொருள் ஒரு குறியீட்டை எந்தக் குறியோடு எடுத்துக்கொள்கிறது என்பதைத் தாங்கள் தவறாக விளங்கிக்கொண்டதைக் கண்டு, எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். விலகல் 1.6 ஆகச் சுருங்கியது. ஒரு குறி! உயர்தர விடைத்தாளில் நாங்கள் சிவப்பு மையால் வட்டமிடும் அதே பிழை.

பரிசோதனை பிறகும் தொடர்ந்தது. தரவு கூடக் கூட இடைவெளி மீண்டும் விரிந்தது. 2013 கோடையில் 15 மீற்றர் விட்டமுள்ள அந்த வளையச் சுருளை வளையாமல் நெளியாமல், கடல் வழியாகவும் ஆறுகள் வழியாகவும் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் கொண்டுவந்து பட்டேவியாவில் இறக்கினார்கள். அந்த வளையத்தில் ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதத்தில் ஓடிய மியூவன்களே 2021 இன் செய்தியைத் தந்தன.

நான் பலகையில் எழுதிய எண்கள் இவை: பரிசோதனை 0.00116592061, கோட்பாடு 0.00116591810. (ஜி, 2 ஐ விட எவ்வளவு கூட என்பதன் அரைவாசி இது.) கடைசித் தானங்களில் 251 வித்தியாசம். 4.2 நியம விலகல். தற்செயலாக வர வாய்ப்பு 40,000 இல் ஒன்று. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும் என்பது இத்துறையின் வழக்கம். அதை அன்று சொன்னேன் என்றுதான் நினைவு, ஆனால் சொன்ன தொனியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. கோட்பாட்டு எண், நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாட்டாளர்கள் கூடி 2020 இல் ஒப்புக்கொண்ட எண். இலினோய் பல்கலைக்கழகப் பேராசிரியை ஐடா எல்-கத்ரா அந்தக் கூட்டு முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். (பெயரைக் கண்டவுடன் ‘நம்மவரா?’ என்று விசாரிக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. கணக்கு சரியா என்று விசாரிப்பவர்கள் குறைவு.) அந்த எண்ணில் குவார்க் பங்கின் பெரும்பகுதி முதலாவது வழியில், அதாவது மோதல் தரவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 7, அதே நாளில், பிஎம்டபிள்யூ என்ற ஐரோப்பியக் குழு இரண்டாவது வழியில், வலைக் கணிப்பில் பெற்ற விடையை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டது. வாகனக் கம்பனி இல்லை. புடாபெஸ்ட், மார்செய், வூப்பெர்டால் என்ற மூன்று நகரங்களின் முதலெழுத்துகள். அவர்களுடைய விடை பரிசோதனைக்கு மிக அருகில் இருந்தது. ஐந்தாவது விசை பிறந்த அன்றே அதன் மீது சந்தேகமும் பிறந்திருந்தது. நான் தலைப்பை மட்டும் வாசித்திருந்தேன்.

பிறகு வந்த வருடங்களில் பெர்மி ஆய்வுகூடத்தோடு சேர்ந்த குழு உட்பட வெவ்வேறு வலைக் குழுக்கள் தனித்தனியே கணித்தன. முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தி, பரிசோதனையின் பக்கம் சாய்ந்தன. 2023 இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரிலிருந்து வந்த புதிய மோதல் தரவு, பழைய மோதல் தரவுகளோடு முரண்பட்டது. கடைசியில் 2025 மே மாதம் கோட்பாட்டாளர்கள் தங்கள் எண்ணை வலைக் கணிப்பின் அடிப்படையில் மாற்றினார்கள்: 0.00116592033, கடைசித் தானங்களில் கூட்டல் கழித்தல் 62. ஒரு வாரத்தில், ஜூன் 3ஆம் திகதி, பரிசோதனையின் இறுதி முடிவு. பழைய அளவீடுகளையும் சேர்த்த சராசரி 0.001165920715. வித்தியாசம் 38 மட்டுமே. கோட்பாட்டின் வழுவே அதைவிடப் பெரிது. பரிசோதனை எண் நான்கு வருடங்களில் அசையவில்லை, மேலும் கூர்மையானது. நகர்ந்தது கணக்கு.

“அப்படியென்றால் பரிசோதனைக்கு ஏற்றபடி கணக்கைத் திருப்பிவிட்டார்களா, சேர்?” அந்த மாணவர் இதைத்தான் அடுத்து கேட்டார். நல்ல கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. பரிசோதனையில் நேரத்தை அளக்கும் கடிகாரத்தின் மீடிறனை, பரிசோதனையில் சேராத இருவர் மட்டுமே அறிந்திருந்தார்கள். அது உறையில் மூடி வைக்கப்பட்டது. பகுப்பாய்வு முழுவதும் முடிந்து, எல்லோரும் சம்மதித்த பிறகே உறை திறக்கப்பட்டது. பெர்மி ஆய்வுகூட வலைக் குழுவினரும் தங்கள் கணக்கைத் தாங்களே அறியாத ஓர் எண்ணால் பெருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். விடை எங்கே விழும் என்று தெரியாமல் கணிப்பதற்காக.

1969 இல் ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளர் ரொபேர்ட் வில்சனை அமெரிக்க செனட்டர் ஒருவர் விசாரித்தார். இது நாட்டின் பாதுகாப்புக்கு உதவுமா என்பது கேள்வி. பாதுகாப்போடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை, நாடு பாதுகாக்கத் தகுந்ததாக இருப்பதற்கே இது உதவும் என்று அவர் பதிலளித்தார். அந்தப் பதிலை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் அது எடுபடாது. “இதைப் படித்து என்ன தொழில், சேர்?” என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

விடயம் இன்னும் முடியவில்லை. நோவோசிபிர்ஸ்க் தரவும் பழைய தரவுகளும் ஏன் முரண்படுகின்றன என்பது தீரவில்லை. எங்கோ ஒரு பிழை இருக்கிறது. அளவீடு இப்போது கணக்கை விட ஏறத்தாழ நான்கு மடங்கு துல்லியமானது. ஆகவே வேலை மூன்றாம் மாடியில்தான் குவிந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் குரல் பதிவாக அனுப்பிவிட்டு, “மகன், அன்றைக்கு நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்” என்றும் சேர்த்தேன். இரவு பத்து மணிக்கு அவர் ஒரு படம் அனுப்பினார். 2021 கொப்பியின் பக்கம். என் இரண்டு எண்களும் பதினொரு தானங்களோடு சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. இரண்டுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் இல்லை. நான் பலகையில் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.