வீட்டுக் காப்பீடு: பத்திரத்தின் உள்ளே

2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் நாளில் பெய்த பெருமழையால் சென்னையில் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் முதலிய பகுதிகளில் தரைத்தள வீடுகள் நீரில் மூழ்கின. நீர் வடிந்தபின் சேறு படிந்த வீட்டுக்குள் நுழைந்தோர் குடும்ப அட்டையையும் பட்டாவையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் தேடினர். காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடியோர் சிலரே. ஊர்திக்குக் காப்பீடு செய்வதைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. வாழ்நாள் ஈட்டத்தின் பெரும்பகுதியை விழுங்கும் வீட்டுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

1666இல் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ பதின்மூவாயிரம் வீடுகளை அழித்தது. அதன்பின் அந்நகரில் தோன்றிய தீக்காப்பீட்டு நிறுவனங்களே இன்றைய சொத்துக் காப்பீட்டுக்கு முன்னோடிகள். பலர் சிறுதொகை செலுத்த, இழந்த சிலருக்கு அதிலிருந்து ஈடு வழங்கப்படும் என்பதே இதன் அடிப்படை. செலுத்தும் தொகையை முனைமம் என்பர். மக்கள் வழக்கில் அது பிரீமியம்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருக ரக்சா’ என்னும் பொதுவடிவப் பத்திரம் நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு, கலவரம் ஆகியவற்றால் நேரும் இழப்பு இதனுள் அடங்கும். இப்பட்டியலைக் கண்டு நிறைவடைந்து கையொப்பமிடுவோரே மிகுதி. பட்டியலில் இடம்பெறாதவை எவை என்பது பத்திரத்தின் பின்பக்கங்களில் இருக்கும். படிக்கவேண்டிய பகுதி அதுவே.

நீரை எடுத்துக்கொள்வோம். ஆற்றுவெள்ளம் புகுந்து சுவர் சரிந்தால் ஈடு உண்டு. மாடியிலுள்ள நீர்த்தொட்டியோ குழாயோ வெடித்து அறை நனைந்தாலும் உண்டு. ஆனால், கூரையின் விரிசலைப் பல மழைக்காலங்கள் கவனியாது விட்டதனால் சுவர் ஊறி, காரை பெயர்ந்து விழுந்தால் ஈடு கிடைப்பதரிது. சுவரில் படிந்த கறை ஒன்றுபோலவே தோன்றலாம், காரணம் வேறு. திடீரென நேர்வதற்கே காப்பீடு. நாள்பட்ட தேய்மானமும் பராமரிப்புக் குறையும் உரிமையாளரின் பொறுப்பு.

அடுத்தது தொகை. மனையோடு சேர்த்து அறுபது இலட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீட்டைக் கருதுக. அவ்வீடு முற்றும் இடிந்தாலும் மனை அங்கேயே இருக்கும். மீண்டும் கட்ட இருபது இலட்சம் ஆகுமெனில், காப்பீட்டுத் தொகையும் இருபது இலட்சமே. அறுபது இலட்சத்துக்குக் காப்பீடு செய்பவர் மண்ணுக்கும் சேர்த்து முனைமம் கட்டுகிறார்; பயன் ஏதுமில்லை. மறுபுறம், முனைமத்தைக் குறைக்க எண்ணிப் பத்து இலட்சத்துக்கே செய்தால், வீடு முழுதும் அழியும்போது மீதிப் பத்து இலட்சம் அவர் தலையில் விழும். கடை, கிடங்கு போன்ற வணிகச் சொத்துகளில் நிலை இன்னும் கடுமையானது. இருபது இலட்சம் மதிப்புள்ள சொத்தைப் பத்து இலட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், நான்கு இலட்ச ரூபாய் சேதத்துக்கும் பாதியளவாகிய இரண்டு இலட்சமே கிடைக்க நேரும். இதனைச் சராசரி விதி என்பர். மேற்கூறிய பொதுவடிவ இல்லப் பத்திரத்தில் இவ்விதி நீக்கப்பட்டிருப்பது பெரும் நன்மை.

வீட்டினுள் இருக்கும் பொருள்களின் கணக்குத் தனி. கட்டடத்துக்கான தொகையில் 20 விழுக்காடு, பத்து இலட்சம் ரூபாய் வரம்புக்குட்பட்டு, பொதுவான வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே பொருந்தும். நகை போன்ற விலையுயர்ந்த பொருள்களைத் தனியே குறிப்பிட்டுச் சேர்க்கவேண்டும். ரொக்கப் பணமும் ஆவணங்களும் பொதுவாகச் சேரா. வாடகைக்குக் குடியிருப்போர் கட்டடத்தை விடுத்துப் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு செய்துகொள்ளலாம் என்பது பலரும் அறியாத செய்தி.

களவைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சிக் குடும்பத்தார் வெளியேறிய வீட்டில், அவ்வெள்ளத்தின் விளைவாக ஏழு நாள்களுக்குள் பொருள் களவுபோனால் ஈடு உண்டு. எவ்வித இடரும் நேராத நாளில், பூட்டிய வீட்டை உடைத்துத் திருடினால் இப்பத்திரம் உதவாது. களவுக்கெனத் தனிக்காப்பீடு வேண்டும்.

வங்கிக் கடனில் வீடு கட்டுவோர் பலரிடம் அவர்கள் அறியாமலே ஒரு பத்திரம் இருப்பதுண்டு. கடன் ஆவணங்களோடு ஆவணமாகக் கையொப்பமிட்ட அப்பத்திரம் கட்டடத்துக்கு மட்டுமானதா, எத்தொகைக்கு, எந்நாள்வரை என்று கேட்டு நகல் பெறுவது கடனாளியின் உரிமை. விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தலும் ஆகாது. கீழ்த்தளத்தில் கடையோ பட்டறையோ இருப்பதை மறைத்து, முழுதும் குடியிருப்பே என எழுதினால் ஈடு மறுக்கப்படலாம்.

இழப்பு நேர்ந்தவுடன் நிறுவனத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்முன் சேதமடைந்த பொருள்களை அப்புறப்படுத்த நேர்ந்தால், முன்னதாக ஒளிப்படம் எடுத்துவைப்பது நன்று. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்துமூலம் முறையிடவேண்டும். அங்கும் தீர்வு கிட்டாதெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.