மணச்சடங்கும் மூடநம்பிக்கையும்

தமிழர் திருமணம் பற்றிய பழஞ்செய்திகளை அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் தருகின்றன. பந்தலிட்டு மணல் பரப்பினர். உழுந்து சேர்த்துச் சமைத்த உணவை விருந்தினர்க்கு அளித்தனர். புள் நிமித்தம் பார்த்தனர். திங்கள் உரோகிணியோடு கூடிய நாளை நன்னாளாகக் கொண்டனர். 86ஆம் பாடலில், புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். கணவன் விரும்பிப் பேணும் துணைவியாக விளங்குக என வாழ்த்துகின்றனர்.

நிறைவாழ்வு பெற்றோர் வாழ்த்தினால் அவ்வாழ்வு மணமகளுக்கும் வாய்க்கும் என்னும் விருப்பமே இச்சடங்கின் அடிப்படை எனலாம். இவ்விருப்பத்தின் மறுபுறமாக ஓர் அச்சமும் நிலைபெற்றது. கணவனை இழந்த பெண் எதிரே வருதல் தீநிமித்தம் எனப்பட்டது. மகளை வளர்த்து ஆளாக்கிய தாயே கைம்பெண்ணாயின், மங்கலநாணைத் தொட்டு வாழ்த்தவும் தயங்கி, மணமேடையிலிருந்து விலகி நின்றாள். ஒருவருக்கு நேர்ந்த இழப்பு அவர் பார்வையால் பிறருக்கும் நேரும் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. வாழ்த்த விரும்பிய சடங்கு வருத்தும் கருவியானது இவ்வாறே.

இந்நிலையை மாற்றச் சுயமரியாதை இயக்கம் முனைந்தது. நாள், நிமித்தம் பாராது, புரோகிதரின்றி நடைபெற்ற அத்திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏற்பளித்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் மணமக்கள் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதும், தாலி அணிவிப்பதும் சட்டப்படி செல்லும்.

பந்தலும் விருந்தும் வாழ்த்தும் பண்பாட்டுச் செல்வங்கள், அவை தொடரலாம். ஒருவரை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தையோ, தொன்மையானது என்பதற்காக மட்டும் போற்றுதல் முறையன்று. மகளை வாழ்த்தும் தாயின் உரிமை எந்நிமித்தத்தினும் பெரிது.