சில்லுக்கும் குடத்துக்கும் இடையே

மாட்டு வண்டியின் சில்லு கழன்று விடாமல் காத்தது ஓர் இரும்புக் கடையாணி. அது இருக்கிறதா இல்லையா என்பதை வண்டிக்காரர் குனிந்து பார்த்தே அறிந்துகொள்வார். மோட்டார் வண்டியில் அவ்வளவு எளிதாக அறிய முடியாது. அங்கே நான்கைந்து ஸ்டட்டுகளே சில்லைச் சுமக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அவற்றின் வேலை சுமப்பதன்று. சில்லைக் குடத்தின் முகத்தோடு சேர்த்து அழுத்துவதே. அந்த அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் பாரத்தை ஏற்கிறது. அழுத்தம் தளர்ந்தால் சில்லு கண்ணுக்குத் தெரியாமல் அசையும். ஸ்டட் வளைந்து நிமிரும். பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு ஒரு நாள் முறிந்தே தீரும்.

மாவடிப்பள்ளி இளைஞர் ஒருவர் தம் பழைய யப்பானிய காருக்கு அகன்ற அலோய் சில்லுகளை வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். பூட்டிப் பார்த்தால் டயரின் உட்புறம் அதிர்வுத்தாங்கியில் உரசுகிறது. சில்லைச் சற்று வெளியே தள்ள, ‘ஸ்பேசர்’ எனும் வட்டத் தகட்டை இடையில் வைக்கச் சொல்கிறார்கள். முதலிலேயே காருக்கு ஏற்ற அளவுள்ள சில்லை வாங்கியிருந்தால் இத்தகட்டுக்குத் தேவையே இராது. அதுவே எக்காலத்துக்கும் நல்ல வழி. ஆயினும் வாங்கியவர் வாங்கிவிட்டார்.

மெல்லிய தகடாயின், அதன் கனம் முழுவதும் ஸ்டட்டின் புரியிலிருந்தே கழிகிறது. டொயோட்டா கார்களின் ஸ்டட் பெரும்பாலும் 12 மி.மீ. விட்டமும், புரிக்குப் புரி 1.5 மி.மீ. இடைவெளியும் உடையது. நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவேனும் புரியில் ஏற வேண்டும். அதாவது எட்டு முழுச் சுற்று. கையால் சுழற்றி எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாறு சுற்றில் நின்றுவிட்டால் நீண்ட ஸ்டட் போட வேண்டும். இல்லையேல் அந்தத் தகட்டைக் கைவிட வேண்டும். இரண்டு தகடுகளை அடுக்குவதும், வாஷர்களைத் திணித்து இடைவெளி உண்டாக்குவதும் கூடவே கூடாது.

கனமான ஸ்பேசர் முதலில் குடத்தோடு பூட்டப்படும். பிறகு அதிலுள்ள தனி ஸ்டட்டுகளில் சில்லு பூட்டப்படும். இங்கே காரின் பழைய ஸ்டட் முனைகள் ஸ்பேசரின் முகத்துக்கு வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் சில்லு அம்முனைகளின்மேல் அமரும். முகத்தோடு முகம் பொருந்தாது.

நடுத் துளையையும் அளந்து பார்க்க வேண்டும். நான்கு ஸ்டட் கொண்ட கொரோல்லாக்களின் குடம் 54.1 மி.மீ. விட்டமுடையது. கடைச் சில்லுகளிலோ பல வண்டிகளுக்கும் பொருந்தட்டுமென்று 73.1 மி.மீ. வரை துளையிட்டிருப்பார்கள். இந்த இடைவெளியை அளவான வளையம் நிரப்பாவிடில் சில்லு மையம் தவறி அமர்ந்து, ஸ்டியரிங் நடுங்கும். நட்டின் அடிப்பாகமும் சில்லின் குழிக்கு இசைய வேண்டும். ஹோண்டாவின் சொந்தச் சில்லுகளுக்கு உருண்டை அடி நட்டு. கடைச் சில்லுகள் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு அடி நட்டு. பழைய நட்டையே போட்டு மிச்சம் பிடிப்பது ஆபத்தான சிக்கனம்.

பூட்டுமுன் குடத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துரு நீங்கத் தேய்க்க வேண்டும். கரையோரத்தில் இது இரட்டிப்பு அவசியம். உப்புக் காற்றின் ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது அலுமினியம் அரித்து வெண்பொடி பூக்கும். அப்பொடியின் மேல் நட்டை முறுக்கினால், இறுகியதுபோல் தோன்றிப் பின்னர் தளரும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு தவணைகளில், முறுக்களவு காட்டும் சாவியால் இறுக்குவதே முறை. கொரோல்லாவுக்கு 103 நியூட்டன் மீற்றர் என்பது தயாரிப்பாளர் தந்த அளவு. சாவியின் கைப்பிடியில் ஏறி மிதிப்பவர் ஸ்டட்டை இழுத்து நீட்டிவிடுகிறார். ஸ்பேசரின் நட்டுகளுக்கு அதைச் செய்தவர் குறித்த அளவே அளவு.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒருமுறை போய்வந்தால் ஏறத்தாழ 80 கி.மீ. ஆகும். அந்தப் பயணம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும். பலர் வெளியே தெரியும் நட்டுகளை இறுக்கிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். ஸ்பேசரைப் பிடித்திருக்கும் நட்டுகள் சில்லுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. சில்லைக் கழற்றாமல் அவற்றைக் காண முடியாது. கடையாணியைக் குனிந்து பார்த்த வண்டிக்காரருக்கு இருந்த வசதி இங்கே இல்லை.

காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதி மாவடிப்பள்ளியில் வயல்வெளிக்கும் நீருக்கும் நடுவே ஓடுகிறது. 2024 நவம்பரில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது இங்கேதான். அது நீரின் செயல், சில்லின் குறையன்று. ஆனால் ஓரத்தில் ஒதுங்க இடமற்ற அத்தகைய வீதியில் சில்லொன்று கழன்றால், ஓட்டுநருடன் எதிரே சைக்கிளில் வருபவருக்கும் தப்ப வழியில்லை. மெதுவாகச் செல்லும்போது ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்டாலோ, ஸ்டியரிங்கில் புதிதாக நடுக்கம் தோன்றினாலோ வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என எண்ணாமல், பாலத்தை அடையுமுன்பே வண்டியை நிறுத்திச் சில்லைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.