நூலுக்கு ஒரு திறவுகோல்

தொழில்நுட்பக் கைந்நூலைக் கதைநூல் போல் முதலிலிருந்து முடிவுவரை படிப்பவர் சிலரே. வேண்டிய வேளையில் வேண்டிய செய்தியைத் தேடி எடுப்பதற்கே அது பயன்படுகிறது. அவ்வாறு தேடுவோருக்கு வழிகாட்டுவது, நூலின் இறுதியில் அகரவரிசையில் அமையும் பொருளடைவு. முகப்பிலுள்ள பொருளடக்கம் ஆசிரியர் நூலை வகுத்த முறையைக் காட்டும். பொருளடைவோ படிப்பவர் வினவும் முறையை ஒட்டி விடை தரும்.

இதன் பயனை விளக்கக் கேரள நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் இலத்தீன் நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. தெங்கில் தொடங்கி எழுநூற்றுக்கு மேற்பட்ட மலையாளத் தாவரங்களை அது படங்களுடன் விவரிக்கிறது. இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அறிஞரும் தம் அறிவை அதற்கு வழங்கினர்.

பன்னிரண்டு தொகுதிகளில் ஒரு செடியைத் தேடுவது எளிதன்று. ஆகவே 1696-இல் காஸ்பர் கொம்மெலின் அந்நூலின் தாவரப் பெயர்களை அகரவரிசைப்படுத்தி வெளியிட்டார். 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இருசொற் பெயர்களை நிலைநாட்டிய பின், யோஹன்னஸ் பர்மன் 1769-இல் புதிய முறையைத் தழுவி மற்றோர் அடைவை இயற்றினார். 1818-இல் டென்ஸ்டெட் என்னும் ஜெர்மானியர் அந்நூலுக்கு மும்மடி அடைவு ஒன்றைத் 'திறவுகோல்' என்ற பெயராலேயே வெளியிட்டார். மூலநூல் மாறவில்லை, வினவுவோரின் மொழி மாறுந்தோறும் அடைவு புதுப்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் பேராசிரியர் கே. எஸ். மணிலால் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003-இலும், மலையாளப் பதிப்பை 2008-இலும் வெளியிட்டது.

பெயர்க் குழப்பத்தை நீக்குவதும் அடைவின் கடமையாகும். 'பிரம்மி' என்பது கேரளத்தில் நீர்ப்பிரமியைக் குறிக்கும். வட இந்தியாவில் சிலவிடங்களில் வல்லாரையையும் குறிக்கும். இரண்டும் வெவ்வேறு மூலிகைகள். ஆதலின் ஒவ்வொரு வழக்குப் பெயரையும் தந்து, தாவரவியற் பெயருக்குச் செல்லுமாறு 'காண்க' என்னும் குறிப்பைச் சேர்த்தல் வேண்டும்.

களப்பணியாளருக்கு இது உயிர் காக்கும் செய்தியாகவும் அமையலாம். பூச்சிமருந்து பட்டு மயங்கிய உழவருக்குச் செய்யவேண்டிய முதலுதவி, 'தெளிப்பான்கள்' என்ற அத்தியாயத்தின் நடுவில் இருக்கக்கூடும். பதற்றத்தில் இருப்பவர் அதை அங்கே தேடமாட்டார். 'நஞ்சு', 'மயக்கம்', 'முதலுதவி' ஆகிய சொற்களின் கீழும் அதே பக்க எண் இருத்தல் வேண்டும்.

அடைவு அமைத்தல் அரிய செயலன்று. செய்திக்கு ஒரு சீட்டாக எழுதிப் பக்க எண்ணைக் குறித்து, சீட்டுகளை அகரவரிசைப்படுத்துக. ஒரு தலைப்பின்கீழ் எண்கள் மிகுமாயின் உட்பிரிவுகள் செய்க. மறுபதிப்பில் பக்க எண்களைச் சரிபார்க்க மறவற்க. அடைவில்லாத கைந்நூலின் இறுதியிலுள்ள வெற்றுத்தாளில் களப்பணியாளரே இதனை எழுதிக்கொள்ளலாம். ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு பாடநூலின் ஓர் அத்தியாயத்திற்கு அடைவு செய்வித்தால், முதன்மையான செய்தியைப் பிரித்தறியும் பயிற்சியும் அவர்களுக்குக் கிட்டும்.